செப்சிஸ் நோயாளிக்கு டிரிப்ஸ்: எவ்வளவு ஏற்றுவது, எங்கே நிறுத்துவது

ஐசியூ நைட் டியூட்டிக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளிடம் நான் முதலில் சொல்வது: யூரின் குறைந்துவிட்டதே என்று மட்டும் அடுத்த பாட்டிலைத் தொங்கவிடாதீர்கள்.

செப்சிஸில், அதாவது கிருமித்தொற்றால் உடலின் உறுப்புகளே பாதிக்கப்படும் நிலையில், ரத்தக்குழாய்கள் தளர்ந்து கசியும். ஏற்றும் நீரில் பெரும்பகுதி திசுக்களில் போய்த் தேங்கும். கிட்னியின் மேலுறை விரிந்து கொடுக்காது. உள்ளே நீர் கோத்தால் இறுகிப்போய் வடிகட்டுவது இன்னும் குறையும்.

ஆனால் தொடக்கத்தில் தயங்கவே கூடாது. பி.பி. விழுந்திருந்தால் முதல் 3 மணி நேரத்தில் கிலோவுக்கு 30 மி.லி.; 60 கிலோ ஆளுக்கு 1800 மி.லி. ஒவ்வொரு 500 மி.லி.க்கும் கட்டிலருகே போங்கள். விரல் நுனியை 10 நொடி அழுத்தி விடுங்கள். நிறம் திரும்ப 3 நொடிக்கு மேலானால் ரத்த ஓட்டம் இன்னும் போதவில்லை. நெஞ்சின் அடியில் கிரெப்ஸ் (நுரையீரலில் நீர் கோத்த நொறுநொறு சத்தம்) கேட்டாலோ ஆக்ஸிஜன் தேவை ஏறினாலோ அத்தோடு நிறுத்துங்கள்.

எதை ஏற்றுவது? ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட்). நார்மல் சலைனில் குளோரைடு லிட்டருக்கு 154 மில்லிமோல், ஆர்.எல்.லில் 109. 2018இல் வந்த ஸ்மார்ட் ஆய்வில் ஆர்.எல். வகைக்குக் கிட்னி பாதிப்பு சற்றே குறைவு. பின்வந்த பெரிய ஆய்வுகளில் அந்த வித்தியாசம் தெளிவாக வரவில்லை. இருந்தும் நான் ஆர்.எல். பக்கம்தான். நோயாளியின் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருக்கிறதே என்று அஞ்ச வேண்டாம், ஆர்.எல்.லில் அது லிட்டருக்கு 4 மில்லிமோல்தான். தலைக்காயம் இருந்தால் மட்டும் சலைன். ஸ்டார்ச் கலந்த டிரிப்ஸைத் தொடவே தொடாதீர்கள்: 2012இன் 6எஸ் ஆய்வில் அது சாவையும் டயாலிசிஸையும் கூட்டியது.

சராசரி ரத்த அழுத்தம் (எம்.ஏ.பி.) 65ஐ எட்டவில்லையென்றால், ரத்தக்குழாய்களை இறுக்கி அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின். சென்ட்ரல் லைனுக்காக (பெரிய நரம்பில் போடும் குழாய்) காத்திருக்காமல் முழங்கை மடிப்பிலோ அதற்கு மேலோ உள்ள நல்ல வென்ஃப்ளானில் (கை நரம்பில் போடும் ஊசிக்குழாய்) தொடங்கி, அந்த இடம் வீங்குகிறதா என்று அடிக்கடி பாருங்கள்.

யூரின் மணிக்கு 30 மி.லி.க்குக் கீழே போனால் முதலில் கதீட்டர் அடைத்திருக்கிறதா பாருங்கள். பிறகு ஸ்கேன், கல் அடைத்த கிட்னியில் சீழ் இருந்தால் அதை வடித்தே ஆகவேண்டும். லாசிக்ஸ் (யூரினைப் பெருக்கும் மருந்து) கிட்னியைக் காப்பாற்றாது, நீர் கோத்தவருக்கு நீரை இறக்க மட்டுமே அது. கிட்னியைக் கெடுக்கும் வலி மருந்தான டைக்ளோஃபெனாக்கை நிறுத்துங்கள். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினைப் பார்த்து ஆன்டிபயாடிக்கின் முதல் டோஸைக் குறைத்துவிடாதீர்கள்.

டெங்கு சந்தேகமிருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது, அதற்குத் தனி நெறிமுறை உண்டு.

மருந்து கலக்கும் 100 மி.லி. சலைன்களையும் இன்டேக்கில் எழுதுங்கள். இரண்டாம் நாள் வீக்கத்துக்குப் பெரும்பாலும் அவையும் காரணம். காலை ஹேண்ட்ஓவரில் அந்த மொத்தத்தைத்தான் முதலில் கேட்பேன்.