டியூஷன் தேடும் முன்: தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு வீட்டிலேயே கைகொடுப்பது எப்படி?

இரண்டாம் வகுப்பில் மதிப்பெண் சற்றுக் குறைந்தாலே சென்னையில் பெற்றோர் டியூஷன் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். பள்ளி விட்டு வந்த ஏழு வயதுப் பிள்ளை, முகம் கழுவிய கையோடு மறுபடியும் பையைத் தூக்குவதைப் பார்க்க மனம் பொறுப்பதில்லை. இந்த வயதில் கெட்டிப்பட வேண்டியவை இரண்டே: புரிந்து வாசிப்பது, எண்களைப் புரிந்து கையாள்வது. தமிழக அரசு 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் நோக்கமும் இதுதான். தினமும் அரை மணி நேரம் உங்களால் ஒதுக்க முடிந்தால், இதை வீட்டிலேயே தொடங்கலாம்.

முதல் படி: எங்கே தடுக்கிறது?

தமிழ்ப் பாடநூலில் இன்னும் நடத்தாத பக்கம் ஒன்றை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நடத்திய பாடம் என்றால் பிள்ளை மனப்பாடமாக ஒப்பித்துவிடும். குறுக்கே திருத்தாமல், தடுக்கும் எழுத்துகளை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் குழம்பி ‘கொடி’ ‘கோடி’யாகலாம், ண, ன இரண்டும் இடம் மாறலாம். அதற்காக 247 எழுத்துகளையும் மறுபடி எழுத வைக்காதீர்கள். குறித்துவைத்த நாலைந்து எழுத்துகள் வரும் சொற்களை மட்டும் ஒரு வாரம் பழக்கினால் போதும்.

படித்ததும், “என்ன நடந்தது, சொல்லு பார்க்கலாம்?” என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் முந்தைய வகுப்புப் புத்தகத்துக்கு இறங்கிவிடுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மூன்றாம் வகுப்புப் புத்தகம் படிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலப் புத்தகத்திலும் இதே சோதனையைச் செய்யுங்கள்.

இரண்டாம் படி: இருபது நிமிட வாசிப்பு

நீங்கள் காய் நறுக்கிக்கொண்டே கேட்கலாம், பிள்ளை படிக்கட்டும். அதிகம் படிக்காத அம்மாவாலும் இது முடியும், கதை கேட்கப் பட்டமா வேண்டும்? கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர்களுக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது; ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போய், பிடித்த புத்தகத்தைப் பிள்ளையையே எடுக்க விடுங்கள். கைபேசியில் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பஸ் நிறுத்தத்தில் காத்திருக்கும்போது 29சி பஸ்ஸின் பலகையையும் படிக்கச் சொல்லலாம்.

மூன்றாம் படி: கணக்கைக் கையில் கொடுங்கள்

52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் பல பிள்ளைகள் 35 என்று எழுதுகிறார்கள். இரண்டிலிருந்து ஏழு போகாததால், ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுகிறார்கள். இது கவனக்குறைவு அல்ல, கடன் வாங்குவது என்றால் என்னவென்று புரியாததுதான் காரணம், திட்டிப் பயனில்லை.

ஐஸ் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு ஐந்து கட்டுகள் வையுங்கள், பக்கத்தில் உதிரியாக இரண்டு குச்சிகள். “இதிலிருந்து 27 எடு” என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். ஏழு உதிரிக் குச்சிகள் இல்லையே என்று விழிக்கும் பிள்ளை, சற்று நேரத்தில் தானே ஒரு கட்டைப் பிரிக்கும். இப்போது உதிரி பன்னிரண்டு. ஏழு போக ஐந்து; மீதமுள்ள நான்கு கட்டுகளில் இரண்டு போக இரண்டு. விடை 25. இதைக் கையால் செய்த பிறகு நோட்டில் எழுத வையுங்கள். வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்வதும் தேவைதான், ஆனால் புரிந்த பிறகு.

நான்காம் படி: வீட்டுப்பாடமும் தூக்கமும்

வீட்டுப்பாடத்தை நீங்கள் எழுதிக்கொடுக்காதீர்கள். தவறோடு போனால்தான் எது புரியவில்லை என்று ஆசிரியருக்குத் தெரியும். ஆறு வயதுக்கு மேல் ஒன்பது மணி நேரத் தூக்கமாவது கட்டாயம்.

ஐந்தாம் படி: ஆசிரியரைப் பாருங்கள்

“எத்தனை மார்க்?” என்று கேட்பதைவிட, “எந்த இடத்தில் தடுமாறுகிறான்?” என்று கேளுங்கள், நீங்கள் குறித்த தாளையும் காட்டுங்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டும் தவறு வருகிறதா என்றும் விசாரியுங்கள். ஆம் என்றால், வேறெதற்கும் முன் கண் பரிசோதனை செய்துவிடுங்கள்; எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கே அழைத்துப் போகலாம்.