ஆமென் சொல்ல முடியாத ஸ்தோத்திரம்

போன மாதம் எங்கள் சேகரத்தில், விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை. நன்றி சொல்லும் ஸ்தோத்திர ஜெபத்தை வாலிபர் ஐக்கியத்துத் தம்பி ஒருவனிடம் ஒப்படைத்திருந்தோம். ஆர்வமுள்ள பையன், மூன்று நாள் உட்கார்ந்து எழுதிக்கொண்டு வந்திருந்தான். பீடத்தின் முன் நின்று அவன் சொன்ன இரண்டாவது வாக்கியம் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. "ஆண்டவரே, இந்த ஆண்டில் எத்தனையோ பேர் மரித்துப்போனார்கள், எங்களையோ ஜீவனுள்ளோர் தேசத்தில் நிறுத்தி வைத்தீர்." மூன்றாவது வரிசையில், ஜூன் மாதம் கணவரை அடக்கம் செய்த அக்கா ஒருவர் உட்கார்ந்திருந்தார். சபை முழுவதும் ஆமென் என்றது. அவர் உதடு அசையவில்லை.

ஏறத்தாழ இதே வாக்கியத்தை இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் சொன்னேன். அதன் பிறகு எத்தனையோ இளைஞர்கள் அதே பள்ளத்தில் விழுவதைப் பார்த்துவிட்டேன். ஜெபம் நீண்டுபோவது, ஒலிபெருக்கியில் கத்துவது, ஒரே சொல்லை மூச்சுவிடாமல் அடுக்குவது ஆகியவற்றை இங்கே தொடப்போவதில்லை. நான்கு முறை ஜெபித்தால் அவை தாமாகத் திருந்திவிடும். பழகப் பழக இறுகிப்போகும் தவறுகள் வேறு.

பிறர் இழந்ததைக் காட்டி நன்றி சொல்வது

"ஜீவனுள்ளோர் தேசம்" என்பது சங்கீதங்களிலிருந்து நம் வாய்க்கு வந்த சொல். 27ஆம் சங்கீதத்திலும் இருக்கிறது, 116ஆம் சங்கீதத்திலும் இருக்கிறது. இரண்டையும் திறந்து பாருங்கள். பாடுகிறவன் தன் இக்கட்டைச் சொல்கிறான். தன்னைத் தூக்கிவிட்டவரைச் சொல்கிறான். செத்தவர்களைப் பக்கத்தில் கிடத்தி, "நான் அவர்களைப்போல் ஆகவில்லை" என்று எங்கேயும் சொல்லவில்லை. அதே 116ஆம் சங்கீதம் ஆறு வசனம் தள்ளி, கர்த்தருடைய பரிசுத்தவான்களின் மரணம் அவர் பார்வைக்கு அருமையானது என்கிறது. நாம் முதல் பாதியை எடுத்துக்கொண்டு, நம் சொந்த ஒப்பீட்டை அதில் ஒட்டவைத்துவிட்டோம்.

இந்த ஒட்டு எவ்வளவு பெரிய சேதம் செய்யும் என்பதை நான் கற்றுக்கொண்டது 2004இல். டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அப்போது நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் வேலை பார்த்துவந்தேன். குளச்சலும் கீழமணக்குடியும் அன்று சுனாமியில் பட்ட பாட்டைக் கண்ணால் கண்டவர்கள் இன்றைக்கும் அதைப் பேச விரும்புவதில்லை. மணக்குடிப் பாலத்தையே கடல் பெயர்த்து எறிந்திருந்தது. வேளாங்கண்ணிக்குத் திருநாள் கொண்டாட வந்த யாத்திரிகர்கள் கடற்கரையில் மாண்டுகிடந்தார்கள். அந்த வாரமே எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு பரவியது: "ஆராதனையில் இருந்தோம், அதனால் தப்பினோம்." கேட்க ஆறுதலாக இருந்ததால் யாரும் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் இரவு, வருட முடிவு ஆராதனை. கடலிலிருந்து சில மைல் உள்ளே இருந்த சபை அது. ஜெபம் என்னுடையது. "ஆயிரக்கணக்கானவர்களைக் கடல் வாரிக்கொண்டு போனது ஆண்டவரே, உம்முடைய ஆலயத்தைத் தேடிவந்த எங்களையோ கண்மணிபோல் காத்தீர்" என்று உருகி ஜெபித்தேன். உண்மையாகவே அழுதுகொண்டுதான் சொன்னேன். கண்ணீர் உண்மையாக இருந்துவிட்டால் சொல்லும் சரியாகிவிடும் என்று அப்போது நம்பினேன்.

நள்ளிரவு மணி அடித்து, வாசலில் எல்லோரும் கைகுலுக்கி வாழ்த்திக்கொண்டிருந்தபோது ஒரு பாட்டி என்னிடம் வந்தார். "தம்பி, என் தங்கை மகள் குளச்சலில் வாக்கப்பட்டவள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளும் பிள்ளையும் பூசைக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு பேரையும் வெள்ளிக்கிழமை வரைக்கும் கண்டெடுக்கவில்லை. ஆண்டவர் அவர்களைக் காக்க மறந்துவிட்டாரா?" அவர் கோபப்படவில்லை. பதில் எதிர்பார்த்துத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. லெந்து நாட்கள் வந்தன, ஈஸ்டர் வந்தது, அவர் வரவில்லை. நாற்பது ஆண்டுகள் ஒரே தூணருகே பாய் விரித்து உட்கார்ந்தவரின் இடம் இரண்டு ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்தது. வெட்கத்தை விட்டு ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனேன். கருப்பட்டிக் காப்பி கொடுத்து, என் பிள்ளைகளைப் பற்றி விசாரித்துவிட்டு, கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னார். "அங்கே வந்தால் எல்லோரும் நன்றி சொல்கிறீர்கள். எனக்கு அது வரவில்லை தம்பி. வராமல் அங்கே உட்கார்ந்திருக்க வெட்கமாக இருக்கிறது."

அந்தப் பாட்டியைச் சபையிலிருந்து வெளியே அனுப்பியது சுனாமி அல்ல. என் நன்றிதான்.

லூக்கா 18இல் பரிசேயன் செய்வது ஜெபம் மட்டும் அல்ல. அது நன்றி ஜெபம். "இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்கிறான். பெருமை பேசினான் என்று பிரசங்கம் கேட்டு வளர்ந்த நமக்கு, அவன் பயன்படுத்தும் சொல் ஸ்தோத்திரம் என்பது கண்ணில் படுவதே இல்லை. தேவாலயத்தில் நின்றுகொண்டு, தூரத்தில் நிற்பவனைப் படிக்கட்டாக்கி ஏறி அவன் நன்றி சொல்கிறான். நாம் வரி வசூலித்த அந்த ஆயக்காரனுக்குப் பதிலாக இறந்தவனையும் நோயாளியையும் வேலை இழந்தவனையும் வைத்துக்கொள்கிறோம். "எத்தனையோ பேர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள், எங்களுக்கோ நல்ல சுகம் தந்தீர்" என்று ஜெபிக்கும்போது, காலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஆலயத்துக்கு வந்த மகன் எந்த வரிசையில் இருக்கிறான் என்று நமக்குத் தெரியுமா?

இதை அளக்க ஒரு நல்ல அளவுகோலை பவுல் கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார், முதலாம் நிருபம் 14ஆம் அதிகாரத்தில். அங்கே பேச்சு அந்நிய பாஷையைப் பற்றியது. ஆனால் அவர் கேட்கும் கேள்வி நமக்கும் பொருந்தும்: உன் ஸ்தோத்திரத்திற்கு மற்றவன் ஆமென் என்று எப்படிச் சொல்லுவான்? நீ நன்றாகத்தான் ஸ்தோத்திரம் பண்ணுகிறாய், ஆகிலும் மற்றவன் பக்திவிருத்தியடையமாட்டானே என்கிறார். வீட்டில் தனியே முழங்காலில் நிற்கும்போது உங்கள் நன்றி உங்களுடையது. சபை நடுவில் நிற்கும்போது அது அங்கே கூடியிருக்கும் ஒவ்வொருவருடைய வாயிலும் வைக்கப்படுகிறது. அந்த அக்காவின் வாயில் வைக்க முடியாத வாக்கியத்தை உங்கள் வாயிலும் எடுக்காதீர்கள்.

இதைச் சொன்னால் உடனே ஒரு மறுப்பு வரும்: "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள் என்று வேதம் சொல்லவில்லையா?" சொல்கிறது, தெசலோனிக்கேயருக்கு. எபேசியருக்கு எழுதியபோது "எல்லாவற்றிற்காகவும்" என்றுகூடச் சொல்கிறது. நான் மறுக்கவில்லை. ஆனால், கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார் என்ற வார்த்தையைச் சொன்னது யோபு. பிள்ளைகளைப் பறிகொடுத்தவனே அதைச் சொன்னான். அவனைப் பார்க்க வந்த மூன்று சிநேகிதரும் ஏழுநாள் இரவும் பகலும் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் அவர்கள் கெட்டார்கள். மற்றவருடைய இழப்புக்கு நீங்கள் முந்திக்கொண்டு ஸ்தோத்திரம் சொல்லும் அதிகாரத்தை ஒருவரும் உங்களுக்குத் தரவில்லை.

முடிந்த கதைகளுக்கு மட்டும் சாட்சி நேரம் கொடுப்பது

வேலை கிடைத்தவர், வீடு கட்டியவர், குழந்தை பெற்றவர் வரிசையாக வந்து பேசுகிறார்கள். ஒன்பது ஆண்டுகளாகக் குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதி பின் வரிசையில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் சாட்சி உண்டு. 13ஆம் சங்கீதம் ஆறே வசனம்; "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கிப் பாட்டில் முடிகிறது. இடையில் நிலைமை மாறியதாக ஒரு சொல்கூட இல்லை. சங்கீதப் புத்தகத்தில் மற்ற எந்த வகையையும்விட முறையிடும் சங்கீதங்களே அதிகம். காத்திருக்கும் ஒருவரை முன்னே அழைத்து, "இன்னும் கிடைக்கவில்லை, ஆனாலும் நான் இங்கே இருக்கிறேன்" என்று சொல்லவிட்டுப் பாருங்கள். சபை அன்று கேட்பதுபோல் என்றும் கேட்காது.

காணிக்கைத் தொகையை வாசிப்பது

வேண்டாம். பெயர் போதும்.

வந்தவர்களிடம் வராதவர்களைத் திட்டுவது

சுகமான பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன் மட்டும் நன்றி சொல்லத் திரும்பிவந்தபோது, "மற்ற ஒன்பதுபேர் எங்கே" என்று கேட்டவர் இயேசு. திரும்பிவந்த சமாரியனை அவர் வைதுகொண்டிருக்கவில்லை. எழுந்துபோ, உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது என்று வாழ்த்தி அனுப்பினார்.

ஏலத்தையே ஸ்தோத்திரம் என்று எண்ணுவது

அறுப்பின் பண்டிகை ஏலம் எனக்குப் பிடிக்கும். முதல் குலை வாழை, முதல் முட்டை, வீட்டில் வளர்த்த சேவல் என்று பீடத்துக்கு வருபவை எல்லாம் உழைப்பின் வாசனையோடு வருகின்றன. ஆனால் ஒரு தேங்காயை இரண்டு பங்காளிகள் ஒருவரையொருவர் தோற்கடிப்பதற்காகவே ஆயிரக்கணக்கில் ஏற்றிக்கொண்டுபோகும்போது, அங்கே கடவுளுக்கு வேலை இல்லை. உபாகமம் 26இல் முதற்பலனைக் கூடையில் கொண்டுவருகிறவன் முதலில் தன் முன்னோருடைய ஏழ்மையை அறிக்கையிட வேண்டும். பிறகு லேவியனோடும், அந்நியனாக வந்து தங்கிய பரதேசியோடும் சேர்ந்து அந்த நன்மையில் சந்தோஷப்பட வேண்டும். ஏலம் கூறுபவர் இதை ஒரு நிமிடம் வாசித்துவிட்டுத் தொடங்கினால் நல்லது. எங்கள் சபையில் நான்கு ஆண்டுகளாக அப்படித்தான் செய்கிறோம். தொகை குறைந்திருக்கிறது. சண்டையும் குறைந்திருக்கிறது.

நன்றியை வீட்டோடு முடித்துக்கொள்வது

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஆலயங்கள் மூடப்பட்டன. கைப்பேசியில் ஆராதனை பார்க்கப் பழகினோம். அன்றைக்கு அது கிருபை. படுக்கையில் இருப்பவர்களுக்கு இன்றைக்கும் அது கிருபை. அவர்களை நான் சொல்லவில்லை. நடக்க முடிந்தும், "நன்றி மனதில் இருந்தால் போதாதா, அதற்கு ஆலயத்துக்குத்தான் வர வேண்டுமா?" என்று கேட்பவர்களை, சபை கூடிவருதலை விட்டுவிடக்கூடாது என்னும் எபிரெயர் 10:25ஐ எடுத்து அடிப்பதே நம் வழக்கம். அடித்து யாரும் வந்ததில்லை. அந்த வசனத்தின் இரண்டாம் பாதி, ஒருவருக்கொருவர் புத்திசொல்வதைப் பற்றியது. கூடிவருவது ஏன் என்பதற்கான காரணம் அங்கேதான் இருக்கிறது.

எனக்கு அதைவிடத் தெளிவாகத் தெரிவது லேவியராகமம் 7. பொருத்தனையாகவோ (நேர்ந்துகொண்டதாகவோ) உற்சாகமாகவோ (தானாக விரும்பியோ) செலுத்திய பலியின் மாம்சத்தை மறுநாளும் சாப்பிடலாம். ஸ்தோத்திரபலியின் மாம்சத்தை மட்டும் அன்றைக்கே புசித்துவிட வேண்டும், விடியும்வரை ஒன்றும் வைக்கக்கூடாது. ஒரு ஆட்டையும் அதனோடு வந்த அப்பங்களையும் ஒரு குடும்பம் ஒரே நாளில் தீர்க்க முடியுமா? அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடாமல் வேறு வழியில்லை. நன்றி உள்ளவன் ஆட்களைத் தேடிப் போகும்படியாகவே அந்தச் சட்டம் அமைந்திருக்கிறது என்று நான் வாசிக்கிறேன். திருவிருந்துக்கு ஆதித் திருச்சபை வைத்த கிரேக்கப் பெயரின் பொருளும் நன்றி செலுத்துதல்தான். அதைத் தனியாக உட்கார்ந்து யாரும் ஆசரிப்பதில்லை.

அசனத்தில் தனிப்பந்தி

சபை விருந்தில் நன்கொடையாளருக்கு நாற்காலி, மற்றவர்களுக்குத் தரை என்று பிரிக்காதீர்கள். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனே கைவிடப்பட வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்கு எழுதியபோது, ஒரே பந்தியிலும் ஒரே பாத்திரத்திலும் பங்குபெற மனமில்லாமல் விலகிப்போனவர்கள் உண்டு. அந்தக் கதையை அறிந்த சபையார் அசனச் சோற்றுக்கு இரண்டு வரிசை போடுவதைக் கண்டால் எனக்கு இலையில் கைவைக்கத் தோன்றுவதில்லை.

பதிவேட்டைப் பார்க்காமல் பீடத்துக்குப் போவது

ஜெபத்தை எழுதுவதற்கு முன் சபையின் அடக்கப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். குருவானவரிடம் யார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். "எங்களை விட்டுவைத்தீர்" என்பதற்குப் பதிலாக, "இவர்களை எங்களுக்குத் தந்திருந்தீர்" என்று பெயர் சொல்லி நன்றி செலுத்துங்கள். தூதரோடும் வானத்துச் சேனையோடும் சேர்ந்து உம்மைத் துதிக்கிறோம் என்று திருவிருந்து ஆராதனையில் சொல்கிறோமே, போனவர்களும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள்.

அறுப்பின் பண்டிகைக்கு மறுநாள் மாலை அந்தத் தம்பியை அழைத்துக்கொண்டு அக்காவின் வீட்டுக்குப் போனேன். குளச்சல் பாட்டியின் கதையை வழியில் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அக்கா, கணவர் ஆலயத் தோட்டத்தில் நட்ட கொய்யாவைப் பற்றி அரைமணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தார். வருட முடிவு ஆராதனையின் ஜெபத்தையும் அவனிடமே கொடுத்திருக்கிறேன். பதிவேட்டில் இதுவரை பதினோரு பெயர்கள். பதினொன்றையும் தன் கையால் எழுதி எடுத்துக்கொண்டு போனான். ஒரு பெயருக்குப் பக்கத்தில் "கொய்யா மரம்" என்று குறித்திருந்தான்.