பொக் லைட் பூட்டப் போகிறீர்களா? ரிலேயை மறக்க வேண்டாம்

நுவரெலியாப் பக்கம் பனிமூட்டத்தில் போவதற்கென்று கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு சோடி பொக் லைட் வாங்குவீர்கள். சரி, அதோடு ஒரு ரிலேயும் (சின்னக் கரண்டில் இயங்கி, பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) பியூஸும் வாங்கிவிடுங்கள். 55 வாட்ஸ் பல்ப் இரண்டுக்கு 12 வோல்ட்டில் 9 அம்பியருக்கு மேல் ஓடும். அதை நேரே டாஷ்போர்ட் சுவிட்ச் வழியாக விட்டால் சுவிட்ச் உருகும். ஹெட்லைட் வயரில் கொழுவினால் அந்த வயரும் சூடேறும்.

பற்றரி பொசிட்டிவில் இருந்து 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் எடுத்து, பற்றரிக்குப் பக்கத்திலேயே 15 அம்பியர் பியூஸ் போட்டு, ரிலேயின் 30ஆம் முனைக்குக் கொடுங்கள். 87ஆம் முனை லைட்டுக்குப் போகும். 86ஆம் முனைக்கு சுவிட்சில் இருந்து வயர் வரும், 85ஆம் முனை வண்டியின் இரும்பு உடம்பில் பிடிக்கும் எர்த். சுவிட்சுக்கான கரண்டை பார்க் லைட் வயரில் எடுத்தால், பார்க் லைட்டை நிறுத்தும்போது இதுவும் அணைந்துவிடும். எர்த் பிடிக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டுங்கள். மங்கலாக எரியும் லைட்டுகளில் பாதிக்கு எர்த் சரியாகப் பிடிக்காததுதான் காரணம் என்பேன்.

பூட்டுவது ஹெட்லைட்டுக்குக் கீழே, பம்பர் மட்டத்தில். மேலே பூட்டினால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். அப்புறம், சுவரில் இருந்து 25 அடி தள்ளி நிறுத்தி, ஒளியின் மேல் விளிம்பு லைட்டின் மையத்தைவிட 4 அங்குலம் கீழே விழும்படி சாயுங்கள்.