டெல்லில இருந்துக்கிட்டே பழைய சைனீஸ் படிக்கறது எப்படி

ஆர்.கே.புரம், முனிர்கா பக்கம் இருக்கற நம்மாளுங்க யாருக்காவது ஆசை இருந்தா இது உதவும். ஜேஎன்யூலயும் டெல்லி யுனிவர்சிட்டிலயும் சைனீஸ் சொல்லித் தராங்க, சேர முடிஞ்சா நல்லது, இல்லன்னா போன் போதும், ப்ளெகோ டிக்ஷனரி ஃப்ரீ, மூலநூலெல்லாம் சிடெக்ஸ்ட் (ctext.org) சைட்ல கிடைக்கும்.

எடுத்த எடுப்புலயே லாவோசுங்கற தத்துவ ஞானியோட நூல் பக்கம் போகாதீங்க, தலை சுத்திரும். ஹான் ஃபெய்ங்கற பழைய சிந்தனையாளரோட நூல்ல ஒரு குட்டிக் கதை இருக்கு, முயல் ஒண்ணு ஓடிவந்து மரக்கட்டைல மோதிச் செத்துடுது, உடனே விவசாயி வேலையப் போட்டுட்டு அடுத்த முயலுக்காகக் காத்துக் கெடக்கான். அதுல தொடங்குங்க. எழுத்துகளைப் பழைய முழு வடிவத்துலயே பழகுங்க, சுருக்கின வடிவம் 1950கள்ல வந்தது.

பெரும்பாலும் ஒரு எழுத்து ஒரு சொல். பழைய பிரதில கமா, புள்ளி கிடையாது, நம்ம ஓலைச்சுவடி மாதிரிதான், அதனால வாக்கியம் எப்படிப் பிரியுதுன்னு காட்டற ஜி, யெ, அர், ஹூ போல சின்னச் சொற்களை முதல்ல மனப்பாடம் பண்ணிடுங்க, கடைசில ஹூ வந்தா அநேகமா கேள்வி.

மொழிபெயர்க்கறப்பதான் நமக்கு நிஜத் தலைவலி, அங்க வினைக்குக் காலமும் இல்ல ஆளும் இல்ல, எழுவாயையும் அசால்ட்டா விட்டுடுவாங்க, தமிழ்ல சொன்னானா சொன்னாரா சொல்றாரான்னு ஏதாவது ஒண்ணு போட்டே ஆகணும். கன்ஃபூசியஸ்னா 'ஆர்' சரி, சீடன் ராஜாகிட்ட பேசினா? அதனால முதல்ல எழுத்துக்கு எழுத்து நேரா எழுதி, யாரு யாருகிட்ட பேசறாங்கன்னு ஓரத்துல குறிச்சுட்டு, அப்புறம் விகுதி போடுங்க. கன்ஃபூசியஸ் நூல்களுக்கு ஜேம்ஸ் லெக் பண்ணின 19ஆம் நூற்றாண்டு இங்கிலீஷ் மொழிபெயர்ப்பும் அதே சைட்ல இருக்கு, அதைக் கடைசியா மெட்ரோல போறப்ப ஒத்துப் பாத்துக்கலாம்.