மணலில் கிணறு, பக்கத்திலேயே செப்டிக் டேங்க்: இரண்டையும் எப்படிப் பிரித்து வைப்பது?

கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் மனை வாங்கியவர்கள் முதலில் கேட்பது, எத்தனை அடியில் போர் போடலாம் என்றுதான். போரே வேண்டாம். கீழக்கரை, ஏர்வாடி பக்கம் மணலுக்குள் இருக்கும் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய அடுக்கு. கடல் மட்டத்துக்கு மேலே அது 1 அடி நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி இருக்கும். அதாவது மேலே அரை அடி குறைத்தால் கீழேயிருந்து 20 அடி உப்பு ஏறும். நாங்கள் மோட்டார் போட்டு இரண்டே கோடையில் கிணற்றைக் கெடுத்தோம், அப்பத்தா தலையில் அடித்துக்கொண்டு சொன்னதை யாரும் கேட்கவில்லை. ஆழமில்லாத, அகலமான உறைகிணறு போதும், வாளியில் இறையுங்கள். மோட்டார்தான் வேண்டுமென்றால் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு ஊறவிடுங்கள்.

அப்புறம் கழிப்பறை. நிலத்தடி நீர் பெரும்பாலும் கடலைப் பார்த்து நகரும், அதனால் கிணறு மேட்டுப் பக்கம், டேங்க் கடல் பக்கம். நடுவில் 50 அடியாவது வேண்டும், பக்கத்து வீட்டு டேங்கையும் சேர்த்து அளக்க வேண்டும். 3 சென்ட் மனையில் 50 அடிக்கு எங்கே போவது? அங்கே சொந்தக் கிணறு ஆசையை விட்டுவிட்டு, நாலு வீடு சேர்ந்து தள்ளி ஒரு கிணறு வெட்டுவதே நல்லது. டேங்குக்கு அடியிலும் காங்கிரீட் போடச் சொல்லுங்கள், "மணல்தானே, உறிஞ்சிக்கும்" என்று கொத்தனார் சொன்னால் நம்பாதீர்கள், உறிஞ்சுவது கிணற்றுக்குத்தான் போகும். அடி மூடிய டேங்க் சீக்கிரம் நிரம்பும், கழிவு அள்ளும் லாரிச் செலவு உண்டு. அதனால் குளித்த தண்ணீரை அதில் விடாமல் வாழைக்குத் திருப்புங்கள்.

ஜாம்பியாவின் லுசாக்காவில் இதே கதைதான். ஊர் வேகமாகப் பெருத்தது, நெருக்கமான குடியிருப்புகளில் குழிக் கழிப்பறையும் ஆழமில்லாத கிணறும் அடுத்தடுத்து வந்தன, 2017-18 காலராவில் அந்த ஊரில் மட்டும் ஏறக்குறைய நூறு பேர் இறந்தார்கள்.

காவிரிக் குழாய் வராத நாட்களுக்கு ஒரு அளவு: கேப் டவுனில் 2018 வறட்சியில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று கட்டுப்பாடு வைத்தார்கள், நம் குடத்தில் மூன்றரை கூட வராது. ஒரு குடத்தைக் குடிக்கவும் சமைக்கவும் தனியாக மூடி வையுங்கள், துணி அலசிய தண்ணீரைக் கழிப்பறைக்கு ஊற்றுங்கள்.

லாரித் தண்ணீர் வாங்கினால் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர், தனி வாளியில் கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் புழங்குங்கள். பழைய பாக்கெட்டில் வீரியம் இருக்காது.