கிளட்ச்சைக் காலுக்குப் பழக்குவது எப்படி?

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்று, உரிமமும் வாங்கிவிட்ட பலர், சொந்தக் காரைத் தனியே எடுக்கும் முதல் நாளில் கிளட்ச்சிடம்தான் தடுமாறுகிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. பயிற்சிக் கார்களில் பயிற்றுநரின் காலடியிலும் கிளட்ச்சும் பிரேக்கும் பொருத்தப்பட்டிருக்கும். மாணவர் கிளட்ச்சைச் சட்டென்று விட்டு எஞ்சின் நிற்கப்போகும் கணத்தில் பயிற்றுநர் தம் பெடலை மிதித்துச் சமாளித்துவிடுவார். நெரிசலில் பெரும்பாலும் அவரே கிளட்ச்சைப் பார்த்துக்கொள்வதும் உண்டு. பாதுகாப்புக்கு அது தேவைதான் என்றாலும், வண்டியை நகர்த்தும் அந்த நுட்பமான இரண்டு மூன்று விநாடிகளை மாணவரின் கால் தானாகச் செய்து பார்க்க வாய்ப்பே அமையாமல் போய்விடுகிறது. ஆகவே, உரிமம் கையில் வந்த பிறகும் இந்த ஒன்றை மட்டும் தனியாக எடுத்துப் பழக வேண்டியிருக்கிறது.

பழகத் தொடங்கும் முன் உள்ளே என்ன நடக்கிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது. எஞ்சின் ஓடும்போது அதன் முனையிலுள்ள ஃப்ளைவீல் என்னும் கனத்த சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கும். அதை ஒட்டினாற்போல், கியர்பாக்ஸின் பக்கம், உராய்வுப் பொருள் பதித்த கிளட்ச் பிளேட் இருக்கிறது. பெடலில் கால் இல்லாதபோது பிரஷர் பிளேட் என்னும் அழுத்தும் தட்டின் ஸ்பிரிங் இவ்விரண்டையும் இறுக அழுத்தி வைத்திருப்பதால் இரண்டும் ஒன்றாகச் சுழல்கின்றன. பெடலை முழுவதும் மிதித்தால் அந்த அழுத்தம் விலகி, எஞ்சினுக்கும் சக்கரங்களுக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. நின்றிருக்கும் காரில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 800 சுற்று (800 ஆர்.பி.எம்.) சுற்றிக்கொண்டிருக்க, சக்கரமோ அசையாமல் இருக்கிறது. இந்த வேறுபாட்டை வழுக்கியபடியே சிறிது சிறிதாகச் சமன் செய்வது கிளட்ச் பிளேட்டின் வேலை. அந்த வழுக்கலை அளந்து கொடுப்பது நம் இடது காலின் வேலை. வழுக்கல் தொடங்கும் நிலையைத்தான் ‘கிளட்ச் பிடிக்கிற இடம்’ என்றும், பெடலை அங்கே நிறுத்தி வைத்திருப்பதை ‘ஹாஃப் கிளட்ச்’ என்றும் ஓட்டுபவர்கள் சொல்கிறார்கள்.

முதலில் இருக்கையைச் சரிசெய்யுங்கள். கிளட்ச்சைத் தரை வரை மிதித்த நிலையிலும் முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும். கால் விறைத்து நீண்டுவிட்டால் இருக்கை மிகப் பின்னால் இருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் பெடலை மில்லிமீட்டர் கணக்கில் உயர்த்துவது யாராலும் ஆகாது. அடுத்து, பெடலுக்குக் கீழே பாருங்கள். கம்பெனி தந்த கால்விரிப்பின் மீது இன்னொரு தடித்த விரிப்பைப் போட்டு, அது முன்னால் நகர்ந்து பெடலின் அடியில் சுருண்டு கிடப்பதைப் பல கார்களில் காணலாம். அது கிளட்ச் முழுவதும் இறங்காமல் தடுத்து, கியர் விழாமல் செய்யும். செருப்பைப் பொறுத்தவரை, அடிப்பாகம் மெல்லியதாகவும் குதிகாலைப் பிடித்துக்கொள்வதாகவும் இருப்பதே ஏற்றது. கழன்று விழும் ரப்பர் செருப்போடும், பெடலின் அசைவே தெரியாத தடித்த ஷூவோடும் பழக வேண்டாம்.

பழகும் இடம் சமதளமாக, ஆளும் வண்டியும் இல்லாத மைதானமாகவோ, வீடுகள் எழும்பாத மனைப்பிரிவின் சாலையாகவோ இருக்கட்டும். எஞ்சினை இயக்காமலே பெடலைப் பலமுறை மிதித்து விட்டுப் பாருங்கள். மேலே சிறிது தூரம் எடையில்லாமல் இறங்கி, பிறகு ஸ்பிரிங்கின் கனம் காலுக்குத் தெரியும். மிதிப்பது எத்தனை வேகமாக இருந்தாலும் கெடுதல் இல்லை. விடுவதில்தான் எல்லாமும் இருக்கிறது.

இனி எஞ்சினை இயக்கி, ஏசியை அணைத்து, கிளட்ச்சை முழுவதும் மிதித்து முதல் கியரைப் போடுங்கள். ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிடுங்கள். வலது கால் பிரேக்கின் மீது, மிதிக்காமல், தயாராக இருக்கட்டும். ஆக்ஸிலரேட்டரை இந்தப் பயிற்சி முடியும் வரை தொடவே கூடாது. இப்போது குதிகாலைத் தரையில் ஊன்றி, அது எட்டாத பெடலாக இருந்தால் காலை லேசாகத் தூக்கியபடி, கிளட்ச்சை மிக மெதுவாக உயரவிடுங்கள். முதலில் ஒன்றும் நிகழாது. பிறகு ஓரிடத்தில் எஞ்சினின் ஓசை சற்றுத் தாழும், ஆர்.பி.எம். முள் ஒரு நூல் இறங்கும்; ஸ்டீயரிங்கில் மெல்லிய அதிர்வு வரும்; பக்கத்தில் பாட்டில் வைத்திருந்தால் அதிலுள்ள தண்ணீர் நடுங்கும். கார் நகரப் பார்க்கும். அதுதான் கிளட்ச் பிடிக்கிற இடம். அங்கேயே காலை இரண்டு விநாடி நிறுத்திவிட்டு, கார் உருளத் தொடங்கியதும் மறுபடி முழுவதும் மிதித்து, பிரேக்கால் நிறுத்துங்கள்.

இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். கண்ணால் மீட்டரைப் பார்த்து அறிவதை விட, காதாலும் இருக்கையில் படும் அதிர்வாலும் அறியப் பழகுவதே பயன்படும். சாலையில் மீட்டரைப் பார்க்க நேரம் இராது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடைவெளி விடுவது காலுக்கும் நல்லது, கிளட்ச் பிளேட்டுக்கும் நல்லது. ஓசை தாழும் கணத்தைக் காலே உணர்ந்து தானாக நிற்கத் தொடங்கிய பிறகு, அடுத்த படிக்குப் போகலாம்: பிடிக்கிற இடத்தில் நிறுத்தி, கார் நடை வேகத்துக்கு வரும் வரை பொறுத்திருந்து, அதன் பிறகு எஞ்சிய தூரத்தை மெல்ல விட்டுக் காலை முழுவதும் எடுத்துவிடுங்கள். இன்றைய பெட்ரோல், டீசல் கார்கள் பெரும்பாலும் சமதளத்தில் ஆக்ஸிலரேட்டர் இல்லாமலே இப்படி நகர்ந்துவிடும். எஞ்சினில் சுமை ஏறும்போது கட்டுப்பாட்டுக் கணினியே எரிபொருளைக் கூட்டிக் கொடுக்கும்.

ஆக்ஸிலரேட்டரைத் தள்ளி வைப்பதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு கால்களையும் ஒரே நாளில் பழக்கினால், எஞ்சின் நிற்கும் என்ற அச்சத்தில் வலது கால் அதிகமாக மிதித்து, இடது காலின் தவறை மூடி மறைத்துவிடும். வண்டி நகர்ந்துவிடுவதால் சரியாகச் செய்ததாகத் தோன்றும். ஆனால், பிளேட் ஒவ்வொரு முறையும் தேவைக்கு மேல் வழுக்கித் தேய்ந்துகொண்டே இருக்கும். கால் எதையும் கற்றிருக்காது. கிளட்ச்சால் மட்டுமே காரை நகர்த்தத் தெரிந்தவருக்கு ஆக்ஸிலரேட்டர் தானாக வந்து சேரும்.

பழகுபவர்களில் மிகப் பலர் செய்யும் தவறு, பிடிக்கிற இடத்தைக் கண்டுபிடிக்காமல் போவது அன்று. கண்டுபிடித்த உடனே காலை எடுத்துவிடுவதுதான். கார் லேசாக அசைந்ததும் வேலை முடிந்தது என்று கால் நினைத்துக்கொள்கிறது. அந்தக் கணத்தில் எஞ்சினின் சுழற்சிக்கும் சக்கரத்தின் சுழற்சிக்கும் இடையே இன்னும் பெரிய வேறுபாடு இருப்பதால், கார் குலுங்கி, முன்னே ஒரு தாவு தாவி, நின்றுவிடுகிறது. பிடித்த இடத்தில் காலை நிறுத்தி, கார் சீராக உருளத் தொடங்கும் வரை அசையாமல் வைத்திருப்பதே முழு வித்தை. தாவத் தொடங்கிவிட்டால் விடுவதைத் தொடராமல் உடனே முழுவதும் மிதித்துவிட வேண்டும். பாதியில் சமாளிக்க முயல வேண்டாம்.

இது கைவந்ததும் ஆக்ஸிலரேட்டரைச் சேருங்கள். பெட்ரோல் காரில் 1,200 முதல் 1,500 ஆர்.பி.எம். வரை மெல்ல ஏற்றி, அந்த ஓசையை நிலையாக வைத்துக்கொண்டு கிளட்ச்சை உயர்த்துங்கள். பிடிக்கும்போது ஓசை தாழ்ந்தால், அந்தத் தாழ்வை ஈடுகட்டும் அளவு மட்டும் கூட்டினால் போதும். ரிவர்ஸ் கியரிலும் இதே பயிற்சியைச் செய்யுங்கள். பல கார்களில் ரிவர்ஸ் கியருக்கு, இணையும் கியர்களின் வேகத்தைச் சமன்செய்யும் சிங்க்ரோ அமைப்பு கிடையாது என்பதால், கிளட்ச்சை மிதித்து இரண்டு மூன்று விநாடி பொறுத்துப் போட்டால் கறகறவென்ற ஓசை வராது. பிறகு ஏசியைப் போட்டும் பழகுங்கள். சிறிய எஞ்சின்களில் கம்ப்ரஸர் இழுக்கும்போது எஞ்சினின் வலு குறைவது காலுக்கே தெரியும். சித்திரை வெயிலில் ஏசி இல்லாமல் ஓட்டப் போவதில்லை என்பதால் அந்த உணர்வும் பழகியிருக்க வேண்டும்.

கியர் மாற்றும்போது எல்லா மாற்றங்களுக்கும் ஒரே அளவு கவனம் தேவையில்லை. முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் இடையிலுள்ள விகித வேறுபாடு பெரியது. அங்கே கிளட்ச்சைச் சற்று நிதானமாக விட வேண்டும். நான்கிலிருந்து ஐந்துக்குப் போகும்போது ஏறக்குறைய ஒரே மூச்சில் விட்டுவிடலாம். கியரைக் குறைக்கும்போது மட்டும் எஞ்சின் வேகம் கூட வேண்டியிருப்பதால், ஆக்ஸிலரேட்டரை ஒரு தொடு தொட்டு விட்டால் குலுக்கல் இராது.

மேடும் மலையும்

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 15-ஆவது விதி, ஓட்டுநர் தேர்வில் செங்குத்தான ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் மீண்டும் கிளப்பிக் காட்ட வேண்டும் என்கிறது. தேர்வில் இதைச் செய்து காட்டியிருந்தாலும் இல்லாவிட்டாலும், மேம்பாலத்தின் ஏற்றத்தில் பின்னால் பேருந்து ஒட்டி நிற்கும்போது இது தெரிந்தே ஆக வேண்டும்.

ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்து, முதல் கியரைப் போட்டு, ஆக்ஸிலரேட்டரைச் சமதளத்தை விடச் சற்று அதிகமாக, 1,500 ஆர்.பி.எம். அளவில் வைத்துக்கொள்ளுங்கள். கிளட்ச்சை உயர்த்தினால், பிடிக்கிற இடத்தில் காரின் முன்பக்கம் லேசாக எழுந்து பின்பக்கம் அமர்வது தெளிவாகத் தெரியும். இடது காலை அங்கேயே அசையாமல் நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். கார் பின்னால் போகாது. முன்னே நகரும், அல்லது நின்ற இடத்திலேயே நிற்கும். நின்றால், ஆக்ஸிலரேட்டரைக் கூட்டி மீதிக் கிளட்ச்சை விடுங்கள். புதிய கார்கள் பலவற்றில் ஹில் ஹோல்ட் வசதி பிரேக்கை விட்ட பின்னும் ஓரிரு விநாடி காரைப் பிடித்து வைத்திருக்கும். அது இருந்தாலும் ஹேண்ட் பிரேக் முறையைக் கற்றுவைப்பது நல்லது, ஏனெனில் நாளை வேறொருவரின் காரை ஓட்ட நேரிடலாம்.

ஏற்றத்தில் சிக்னலுக்காக நிற்கும்போது பிரேக்கைத் தொடாமல் ஹாஃப் கிளட்ச்சிலேயே காரைத் தாங்கி நிறுத்தும் வழக்கம் பலரிடம் உண்டு. பார்ப்பதற்குத் திறமைபோல் தோன்றினாலும், கிளட்ச் பிளேட்டைச் சூடேற்றிக் கருக்க இதைவிட எளிய வழி கிடையாது. நிற்பதற்கு பிரேக், கிளம்புவதற்கு மட்டும் கிளட்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளும், கொல்லிமலையின் 70 வளைவுகளும் கிளட்ச்சைச் சோதிக்கும் இடங்கள். வளைவுக்குள் நுழைந்த பிறகு கியரைக் குறைக்க முயன்றால், பாதி வளைவில் கிளட்ச் மிதிபட்டு, கார் வலுவிழந்து பின்வாங்கத் தொடங்கும். வளைவுக்கு முன்பே முதல் அல்லது இரண்டாவது கியருக்கு வந்து, கிளட்ச்சை முழுவதும் விட்டு, அதன் பிறகு ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். இறங்கும்போது கிளட்ச்சை மிதித்தபடியோ நியூட்ரலிலோ உருளவிடவே கூடாது. எஞ்சின் தரும் பிடிமானம் போய், சுமை முழுவதும் பிரேக்கின் மேல் விழுந்து, அது சூடேறித் தளர்ந்துவிடும்.

நெரிசலில்

முன்னால் உள்ள வண்டி ஓரடி நகரும்போதெல்லாம் நாமும் ஓரடி நகர்வதால்தான் கால் வலிக்கிறது. ஒரு கார் அளவு இடைவெளி உண்டாகும் வரை பொறுத்திருந்து, முதல் கியரில் கிளட்ச்சை முழுவதும் விட்டு உருண்டு செல்லுங்கள். இடையில் ஒரு பைக் நுழைந்தால் நுழையட்டும். சிக்னலில் நிற்கும்போது நியூட்ரலுக்கு வந்து காலை எடுத்துவிடுங்கள். ஓடும்போதும் பெடலின் மீது காலை இளைப்பாற வைக்காமல், இடப்பக்கம் உள்ள ஃபுட் ரெஸ்ட்டில் வையுங்கள்; காலின் எடை சிறிதளவு பட்டாலும் பிரஷர் பிளேட்டின் அழுத்தத்தை விலக்கும் ரிலீஸ் பேரிங் தேவையின்றி உழைத்துத் தேயும்.

பெடல் சொல்லும் செய்திகள்

ஒவ்வொரு காரிலும் கிளட்ச் வேறு உயரத்தில் பிடிக்கும். ஆகவே அறிமுகமில்லாத காரில் ஏறினால், கிளம்புமுன் ஆக்ஸிலரேட்டர் இல்லாமல் இரண்டு முறை அந்த இடத்தைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

சொந்தக் காரிலேயே அந்த இடம் மாறினால் அதைக் கவனிக்க வேண்டும். பெடலின் அசைவைக் கம்பி கொண்டுசெல்லும் கேபிள் கிளட்ச் உள்ள கார்களில் பிளேட் தேயத் தேய, பெடல் மேலே வந்த பிறகே கிளட்ச் பிடிக்கும்; மெக்கானிக் கேபிளைச் சரிசெய்து ஓரளவு இறக்கித் தருவார். ஆயில் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச் பெரும்பாலும் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் என்பதால் தேய்மானம் பெடலில் எளிதாகத் தெரியாது. ஆனால் பெடல் திடீரென்று தளர்ந்து தரையை ஒட்டிப் பிடித்தாலோ, கியர் விழ மறுத்தாலோ, ஆயில் கசிவையும் உள்ளே காற்று புகுந்திருப்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். நான்காவது கியரில் ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஆர்.பி.எம். ஏறியும் வேகம் ஏறாமல் இருந்தால் பிளேட் வழுக்குகிறது என்று பொருள். மாற்றும் காலம் வந்துவிட்டது. பெடலை மிதித்தால் மட்டும் ஒரு கரகரப்பு கேட்டு, விட்டால் மறைந்தால், பெரும்பாலும் ரிலீஸ் பேரிங்தான். பழகும் நாட்களில் கருகல் வாடை வந்தால் பதற வேண்டாம். காரை ஓரங்கட்டி நியூட்ரலில் நிறுத்தி, வாடை முற்றிலும் நின்று பிளேட் ஆறும் வரை கால் மணி நேரமாவது விட்டுவிட்டு, அதன் பின் தொடருங்கள்.