வன்னியில் வீட்டை வாடகைக்கு விடமுதல்: ஆளைத் தேடுவதும் விசாரிப்பதும்

வாடகைக்கு வருகிறவரின் பத்திரங்களைக் கேட்கமுதல் உங்கள் காணிப் பத்திரத்தை எடுத்து ஒருதரம் வாசியுங்கள். உறுதிக் காணியென்றால், அதாவது உறுதிப் பத்திரம் உள்ள சொந்தக் காணியென்றால், பிரச்சினை குறைவு. ஆனால் வன்னியில் ஏராளமான வளவுகள் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணிகள் அல்லது அளிப்புக் காணிகள். வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடுகளில் பலவும் இப்படியான காணிகளில்தான் நிற்கின்றன. அனுமதிப்பத்திரக் காணிக்குப் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் குத்தகை உறுதி எழுத முடியாது. ஒரு காலையில் பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போய், பத்திர இலக்கத்தைக் காட்டிக் கேட்டுவிட்டு வாருங்கள். நாளைக்குப் பிணக்கு வந்தால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் தேடுவது இந்த ஓட்டையைத்தான்.

வீடு கனடாவிலோ சுவிசிலோ இருக்கிற தம்பியின் பெயரில் இருந்தால் இன்னொரு வேலை இருக்கிறது. "அண்ணை, நீங்களே பார்த்துக் குடுங்கோ" என்று தொலைபேசியில் சொன்னது அதிகாரம் ஆகாது. குத்தகைக்குக் கொடுக்கும் அதிகாரத்தைத் தெளிவாகச் சொல்லுகிற, பதிவு செய்த அற்றோணித் தத்துவம் (பவர் ஒஃப் அற்றோணி) வேண்டும்.

வாடகைத் தொகையை நிர்ணயிக்க உங்கள் வீதியிலேயே வாடகைக்கு இருக்கிற மூன்று வீட்டை விசாரித்தால் போதும். கிளிநொச்சி நகரத்து வாடகையைப் பரந்தனுக்குள் ஒரு குச்சொழுங்கை வீட்டுக்குக் கேட்டால் வீடு பூட்டித்தான் கிடக்கும். கணக்கு இலேசானது. 25,000 ரூபா வீடு இரண்டு மாதம் சும்மா கிடந்தால் 50,000 போய்விட்டது. நல்ல ஆளுக்கு மாதம் 2,000 குறைத்துக் கொடுத்தால் வருடத்துக்குப் போவது 24,000 மட்டுமே.

ஆள் வீடு பார்க்க வரமுதல் தண்ணீரையும் மின்மானியையும் ஒழுங்குபண்ணுங்கள். இந்தப் பக்கம் வீடு பார்க்க வருகிறவர் குசினியைப் பார்க்கமுதல் கிணற்றடிக்குத்தான் போவார். ஆவணி, புரட்டாதியில் கிணறு எவ்வளவு இறங்கும், மோட்டர் எத்தனை நிமிடத்தில் தண்ணீரை விடும், தாங்கி எத்தனை லீற்றர், தண்ணீர் கல்சியமா, குடிக்கலாமா என்று கேட்பார். உள்ளதைச் சொல்லுங்கள். மறைத்தால் மூன்றாம் மாதம் ஆள் போய்விடுவார். மழை வெள்ளமும் அப்படித்தான். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான் கதவுகள் திறந்தபோது உங்கள் வளவுக்குள் தண்ணீர் ஏறியிருந்தால், எந்தப் படிவரைக்கும் ஏறியது என்று காட்டிவிடுங்கள்.

வளவுக்குள் நீங்களும் இருந்து, பக்கத்தில் ஓர் அனெக்ஸை மட்டும் கொடுப்பதானால் அதற்குத் தனி மின்மானி எடுப்பதே நல்லது. வீட்டுப் பாவனைக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. தனித்தனியே 50 அலகு பாவிக்கும் இரண்டு குடும்பம் ஒரே மானியில் 100 அலகாகிவிடும். 60ஐத் தாண்டியதும் கட்டணப் படி மாறிவிடும். பிறகு மாதாமாதம் "உங்கட ஃப்ரிஜ்தான்", "உங்கட ரீவிதான்" என்று பில்லை வைத்து இழுபறிப்பட வேண்டும்.

ஆளைத் தேடும்போது உங்கள் இடத்துக்கு யார் வருவார்கள் என்று முதலில் யோசியுங்கள். அறிவியல்நகர் பக்கம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீட மாணவர்களும் விரிவுரையாளர்களும் வருவார்கள். பம்பைமடுப் பக்கம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள். வவுனியா நகரத்துக் குருமன்காடு, வைரவபுளியங்குளம் பக்கம் வைத்தியசாலை, வங்கி, கச்சேரி (மாவட்டச் செயலகம்) உத்தியோகத்தர். மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்பில் இடமாற்றத்தில் வருகிற ஆசிரியர்களும் தாதியரும். ஆசிரியர் இடமாற்றம் பெரும்பாலும் ஜனவரியோடு நடைமுறைக்கு வருவதால் நவம்பர் கடைசியிலேயே தேடத் தொடங்கிவிடுவார்கள். நீங்கள் பெப்ரவரியில் அறிவித்தால் நல்ல ஆட்கள் ஏற்கனவே வீடு எடுத்திருப்பார்கள்.

அறிவிப்பை வைத்தியசாலை, வங்கி, வலயக் கல்வி அலுவலகம் ஆகியவற்றில் வேலை செய்யும் தெரிந்தவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் போடச் சொல்லுங்கள். சந்திக் கடையிலும் சொல்லி வையுங்கள். பேஸ்புக், இக்மன் இணையத்தள விளம்பரங்களுக்கு ஆட்கள் கூட வருவார்கள், ஆனால் சலித்தெடுக்க வேண்டும். தரகர் மூலம் போனால், கூலியை யார் கொடுப்பது, எவ்வளவு என்று வீட்டைக் காட்டமுதலே பேசி முடியுங்கள். விளம்பரத்தில் வாடகை, முற்பணம், அறைகள், தண்ணீர் வசதி, வாகனம் விட இடம், எப்போதிலிருந்து என்பதெல்லாம் இருக்கட்டும். வாடகையை எழுதாமல் "தொடர்பு கொள்ளவும்" என்று மட்டும் போட்டால் நாற்பது அழைப்பு வரும், நாற்பதும் அதே கேள்வியைத்தான் கேட்கும்.

வீட்டைக் காட்டமுதல் தொலைபேசியிலேயே ஐந்து விஷயத்தைக் கேட்டுவிடுங்கள். எத்தனை பேர் இருக்கப் போகிறீர்கள், எங்கே வேலை, எப்போது வரவேண்டும், இப்போது எங்கே இருக்கிறீர்கள், ஏன் மாறுகிறீர்கள். கடைசிக் கேள்விதான் பெறுமதியானது. "இடமாற்றம்", "பிள்ளையின் பள்ளிக்கூடம் தூரம்" என்று நேராகச் சொல்பவரோடு பேச்சைத் தொடரலாம். பழைய வீட்டுக்காரரைத் திட்டத் தொடங்குகிறவர் நாளைக்கு உங்களையும் அப்படித்தான் திட்டுவார். இன்றைக்கே திறப்பு வேண்டும் என்று அவசரப்படுத்துபவரிடம் அவசரத்தின் காரணத்தைக் கேளுங்கள்.

வந்து பார்த்து, பிடித்துக்கொண்டால், வேலையிட அட்டை, சம்பளச் சிட்டை, அடையாள அட்டை மூன்றையும் கேளுங்கள். யாரோ சொன்னார் என்பதற்காக ஒருவரிடம் கேட்காமல் விடாதீர்கள். எல்லோரிடமும் ஒரேமாதிரிக் கேட்டால் ஒருவரும் குறை நினைக்கமாட்டார்கள்.

அடையாள அட்டையின் மூலப்பிரதியைக் கையில் வாங்கிப் பாருங்கள். புதிய 12 இலக்க எண்ணில் முதல் நான்கு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். பழைய 9 இலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கமே ஆண்டு. பெப்ரவரியை எந்த ஆண்டிலும் 29 நாளாகவே எடுத்து எண்ண வேண்டும். 1993571 என்று ஒரு எண் தொடங்கினால் 571இல் 500 போக 71. ஜனவரி 31, பெப்ரவரி 29, ஆக 60. மிச்சம் 11. அப்படியென்றால் 1993 மார்ச் 11இல் பிறந்த பெண். அட்டையில் இருக்கும் திகதி இதோடு பொருந்தாவிட்டால் மேலே பேச வேண்டாம்.

சம்பளச் சிட்டையில் மொத்தத் தொகையைப் பார்த்து மயங்காதீர்கள். அரச உத்தியோகத்தர் பலருக்கு வங்கிக் கடன் சம்பளத்திலேயே கழிபடும். மேலே 85,000 என்று இருந்தாலும் கைக்கு வருவது 38,000 ஆக இருக்கலாம். வாடகை கைக்கு வரும் தொகையின் மூன்றிலொன்றைத் தாண்டினால் நாலாம் ஐந்தாம் மாதத்தில் சுணங்கத் தொடங்கும். கடை வைத்திருப்பவருக்கும் வயல் செய்பவருக்கும் சிட்டை கிடையாது. அவர்களிடம் வங்கிப் புத்தகத்தைக் காட்டச் சொல்லலாம். வயற்காரரின் கையில் காசு இருப்பது காலபோக அறுவடை முடிந்த பெப்ரவரி, மார்ச்சிலும் சிறுபோகம் முடிந்த பிறகும்தான். அவரிடம் மாதாமாதம் இழுபடாமல் ஆறு மாத வாடகையை அறுவடையோடு ஒன்றாக வாங்குவது இருவருக்கும் சுகம்.

இதையெல்லாம்விடப் பலனுள்ளது பழைய வீட்டுக்காரருக்கு எடுக்கும் ஓர் அழைப்பு. இப்போது இருக்கிற வீட்டுக்காரரோடு நிறுத்தாதீர்கள். தொல்லை போனால் போதும் என்று அவர் புகழ்ந்து தள்ளலாம். அதற்கு முந்திய வீட்டுக்காரரையும் கேளுங்கள், அவருக்கு மறைக்க ஒன்றுமில்லை. "அண்ணை, அவர் திரும்பி வந்து கேட்டால் குடுப்பியளோ?" என்ற ஒரு கேள்வி போதும். உடனே "ஓமோம், தாராளமாக" என்றால் சரி. கொஞ்சம் மௌனமாக இருந்துவிட்டு "ஆள் பிரச்சினையில்லை..." என்று இழுத்தால் வாடகை சுணங்கியதா, ஆட்கள் கூடினார்களா, கரண்ட் பில் நிலுவையா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

சாதி, சமயம், எந்த ஊர்ப் பூர்வீகம், இயக்கத்தில் இருந்தவரா என்று கேட்பதை விசாரணை என்று பலர் நினைக்கிறார்கள். வாடகை ஒழுங்காக வருமா என்பதற்கு இதில் எதுவும் பதில் சொல்லாது. கணவன் இல்லாமல் பிள்ளைகளோடு வருகிற பெண்ணுக்கு வீடு கொடுக்கத் தயங்குவதும் அப்படித்தான். அவரது சம்பளச் சிட்டையும் பழைய வீட்டுக்காரரின் பதிலும் சரியென்றால் கொடுங்கள்.

மாணவர்களுக்குக் கொடுப்பதென்றால் ஒருவரைப் பொறுப்பாளியாக எழுத்தில் வையுங்கள். ஒவ்வொருவரின் பெற்றோரின் முகவரியும் தொலைபேசி எண்ணும் வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று பேசாமல் வீட்டுக்கு இவ்வளவு என்று பேசுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் விட்டுப்போக, அவர் பங்கு உங்கள் தலையில் விழும். நிறுவனம் எடுப்பதானால் ஒப்பந்தம் நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும். திட்டம் முடிந்தால் அடுத்த மாதமே போய்விடுவார்கள், ஆகவே இரண்டு மாத முன்னறிவித்தலைக் கட்டாயமாக்குங்கள்.

ஒப்பந்தத்தில் பலர் சறுக்குகிறார்கள். முத்திரை ஒட்டிய ஒரு கடதாசியில் இரண்டு வருடத்துக்கு என்று எழுதி, இருவரும் கையெழுத்து வைத்தால் காரியம் முடிந்தது என்பது பொது நம்பிக்கை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்டத்தரணி) முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். வீட்டுக் கடதாசியில் உள்ள இரண்டு வருடம் சட்டத்தின் முன் நிற்காது. அதை மாதவாடகையாகத்தான் பார்ப்பார்கள். 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் குத்தகை முடிந்தும் எழும்பாதவரிடமிருந்து வீட்டை மீட்க மாவட்ட நீதிமன்றத்தில் சுருக்கமான வழியொன்றைத் தந்திருக்கிறது. அதைப் பயன்படுத்தவும் கையில் முறையான பத்திரம் வேண்டும். நொத்தாரிசுச் செலவைப் பெரிதாக நினைக்காதீர்கள்.

பத்திரத்தில் வாடகைத் திகதி, முற்பணம் எதற்கெல்லாம் கழிபடும், கரண்ட், தண்ணீர்ப் பில் யார் கட்டுவது, குடியிருக்கும் வயதுவந்தோர் எல்லோரின் பெயரும் எண்ணும், வேறு ஆளுக்கு விடக்கூடாது என்ற நிபந்தனை, முன்னறிவித்தல் காலம் எல்லாம் வரட்டும். பெயர்களை எழுதாவிட்டால் நாலு பேருக்கென்று எடுத்த வீட்டில் பன்னிரண்டு வேலையாட்கள் படுத்திருப்பார்கள். மலசலகூடக் குழி நிரம்பிய பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும். குடியிருப்போர் விபரத்தைப் பொலிஸிலும் கிராம அலுவலரிடமும் கொடுத்துப் பிரதியில் திகதியோடு ஒப்பம் வாங்கி வையுங்கள்.

காசு உங்கள் கணக்கில் விழுந்ததை வங்கிச் செயலியிலோ புத்தகத்திலோ பார்த்த பிறகே திறப்பு. வாட்ஸ்அப்பில் வந்த சிலிப் படம் காசு அல்ல. "கூடப் போட்டுவிட்டேன், மிச்சத்தை அனுப்புங்கோ" என்று கேட்டால் ஏமாற்று என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

திறப்புக் கொடுக்கும் நாளில் இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றுங்கள். மின்மானியின் எண்ணைப் படம் எடுங்கள். மோட்டரைப் போட்டுத் தாங்கி நிரம்பியதும் மிதவை வால்வு நிற்கிறதா என்று பாருங்கள். கதவு நிலைகளின் அடிப்பக்கத்தை ஒரு ஆணியால் குத்திப் பாருங்கள். கறையான் உள்ளே தின்றிருந்தால் ஆணி இலேசாக இறங்கும். அதை இப்போதே எழுதாவிட்டால் போகும்போது அவர்மேல் பழி விழும், அல்லது உங்கள் முற்பணப் பேச்சில் சண்டை வரும். ஃபான், பைப், ஜன்னல் கொழுக்கி, திறப்பு எத்தனை என்று இரண்டு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள்.

வாடகை சுணங்கினால் முதல் மாதமே எழுத்தில் கேளுங்கள். "பாவம், அடுத்த மாதம் தருவார்" என்று மூன்று மாதம் விட்டால் முற்பணம் முழுதும் கரைந்துவிடும். பிறகு பிடிக்க ஒன்றுமிருக்காது. சிறிய தொகைப் பிணக்கு என்றால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். எவ்வளவு கோபம் வந்தாலும் கரண்டை வெட்டுவதோ, பூட்டை மாற்றுவதோ, சாமானை வெளியில் எடுத்து வைப்பதோ வேண்டாம். பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றம் போகலாம். இரண்டு மாதத்துக்குள் நடந்த வெளியேற்றம் என்றால் நீதிமன்றம் அவரைத் திரும்ப உள்ளே விடச் சொல்லலாம். பொலிஸ் காவலோடு அவர் அதே வீட்டுக்குள் வந்து இருக்க, நீங்கள் வழக்குச் செலவைக் கட்டிக்கொண்டு நிற்பீர்கள்.